மீள் அறுவைப் பிரசவமும் ரிவர்ஸ்டன் மலைப்பாதையும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் முதல் வெற்றிகளையே சிறப்பித்துப் பேசுவர். ஒரு சத்திரசிகிச்சையை முதன்முதற் செய்தவர் யார், அது நிகழ்ந்த நகர் எது, ஆண்டு எது என்பனவே அவ்வரலாறுகளில் முதலிடம் பெறுவன. வயிற்றறுவைப் பிரசவத்தின் வரலாறும் பெரிதும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. ஆயினும், இச்சத்திரசிகிச்சையை ஏனையவற்றினின்றும் பிரித்துக்காட்டும் இயல்பொன்றுண்டு. குடல்வளரியை அகற்றுபவர் அதனை ஒருமுறையே அகற்றுவார். அவ்வுறுப்பின் கதை அத்துடன் முடிந்துவிடும். கருப்பையைக் கீறிக் குழந்தையை எடுப்பவர் நிலை அத்தகையதன்று. அதே தாய் மீண்டும் கருவுறுவாள். அதே கருப்பை மீண்டும் விரியும். அவர் இட்ட தையலின் தழும்பு மீண்டும் இழுபடும். எனவே, முதலாம் அறுவையின்போது எடுக்கப்படும் முடிவு ஒவ்வொன்றும் இரண்டாம் பிரசவத்தைப் பற்றிய முடிவாகவும் அமைந்துவிடுகின்றது.

இவ்வுண்மையை மருத்துவ உலகம் உணர்ந்துகொள்ள ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. அவ்வளர்ச்சியின் முக்கிய கட்டங்களை ஆராய்ந்து, மீள் அறுவையில் இன்று கையாளப்படும் முறைகளை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒப்பீடு என்பது சத்திரசிகிச்சைக் கூடத்தின் நான்கு சுவர்களுக்குள் மட்டும் நிகழ்வதன்று. கூடத்திற்கும் தாயின் இல்லத்திற்கும் இடைப்பட்ட தூரத்தையும் அது கணக்கிற் கொள்ளல் வேண்டும். அதனால் மாத்தளை மாவட்டத்தின் ரிவர்ஸ்டன் மலைப்புறம் இவ்வாய்விற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

தாய் பிழைத்தாள், கருப்பை போயிற்று

பேச்சு வழக்கிற் 'சீசர்' எனப்படும் இச்சத்திரசிகிச்சை உரோமத் தலைவர் யூலியஸ் சீசரின் பிறப்போடு தொடர்புபடுத்தப்படுவது வழக்கம். சீசரின் தாய் ஒளரேலியா மகன் வளர்ந்து ஆளான பின்னரும் வாழ்ந்தவர். அக்காலத்தில் வயிற்றறுவை என்பது இறந்த அல்லது இறக்குந் தறுவாயிலுள்ள தாயிடத்தே மட்டும் செய்யப்பட்டது. ஆதலின் அக்கதை வரலாறாகாது. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் தாய் இறந்தபின் வயிற்றினுட் சிசு அசையுமாயின் கீறி எடுக்குமாறே கூறுகின்றது. தாயைக் காக்கும் சிகிச்சையாக இது நெடுங்காலம் எண்ணப்படவில்லை.

தாயும் சேயும் ஒருங்கே பிழைத்த அறுவைகள் ஆங்காங்கே நிகழ்ந்தன. 1826ஆம் ஆண்டில் கேப் நகரில் பிரித்தானிய இராணுவ மருத்துவர் ஜேம்ஸ் பாரி செய்த அறுவை அவற்றுட் புகழ்பெற்றது. ஆயின் அவை விதிவிலக்குகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பிரித்தானியாவில் இவ்வறுவைக்கு உட்பட்ட தாய்மாருள் நூற்றுக்கு 85 பேர்வரை இறந்தனர். குருதிப் பெருக்கும் நோய்த்தொற்றுமே இதற்குக் காரணங்களாயின. கருப்பையிலிட்ட கீறலைத் தைக்காது விட்டுவிடுவதே அக்கால வழக்கம் என்பது இன்று வியப்பைத் தரலாம். கருப்பை தானே சுருங்கிக் காயத்தை மூடிக்கொள்ளும் என்றும், உள்ளே விடப்படும் தையல் அழுகலை உண்டாக்கும் என்றும் மருத்துவர் நம்பினர்.

1876ஆம் ஆண்டில் இத்தாலியின் பாவியா நகரில் எதுவார்தோ பொரோ வேறொரு வழியைக் கண்டார். குழந்தையை எடுத்தவுடன் கருப்பையையே அகற்றிவிட்டார். குருதி பெருகும் இடமே இல்லாதொழிந்தமையால் தாய் பிழைத்தாள். இம்முறை விரைவில் ஐரோப்பாவெங்கும் பரவியது. எனினும், அதன் விலை பெரிது. இரண்டாம் பிரசவம் என்ற பேச்சிற்கே அங்கு இடமில்லை. பெண்ணின் உயிரைக் காத்தற்கு அவளது வருங்கால மகப்பேற்றைப் பலிகொடுத்தல் வேண்டும் என்பதே பொரோ முறையின் உட்பொருள்.

இந்நிலையை மாற்றியவர் செருமனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த மாக்ஸ் செங்கர் ஆவார். 1882ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வு, கருப்பைக் கீறலை வெள்ளிக்கம்பியாலும் பட்டுநூலாலும் அடுக்கடுக்காகத் தைத்தல் வேண்டுமென வற்புறுத்தியது. அதற்கு முந்திய ஆண்டிற் பெர்டினண்ட் கேரர் கருப்பையின் கீழ்ப்பகுதியிற் குறுக்காகக் கீறி, ஈரடுக்காகத் தைத்திருந்தார். செங்கரின் தையல் உடனே புகழ் பெற்றது. கேரரின் கீறல் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. மீள் அறுவைப் பிரசவம் என்பது செங்கரின் தையலோடுதான் பிறந்தது எனலாம். கருப்பை எஞ்சியிருந்தாலன்றி அதனை மீண்டும் கீற வேண்டிய தேவை எழாதன்றோ.

தழும்பு அமையவேண்டிய இடம்

தைக்கப்பட்ட கருப்பையுடன் தாய்மார் மீண்டும் கருவுற்றபோது புதியதோர் இடர் வெளிப்பட்டது. பிரசவ வேதனையின்போது, சிலவேளை வேதனை தொடங்குமுன்னரே, பழைய தழும்பு பிளந்தது. அவ்வாறு பிளக்கும் கணத்திற் குழந்தைக்கு உயிர்வளி செல்லும் வழி அறுபடும். தாயின் வயிற்றறைக்குட் குருதி பெருகும்.

இதன் காரணம் உடற்கூற்றியலில் உள்ளது. செங்கர் காலத்துக் கீறல் கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்காக இடப்பட்டது. அப்பகுதி தடித்த தசையாலானது. பிரசவத்தின்போது வலிந்து சுருங்குவதும் அதுவே. குழந்தை வெளிவந்த பின்னரும் அது நாட்கணக்காகச் சுருங்கிக்கொண்டேயிருக்கும். அதனால் தையல் தளர்ந்து, காயத்தின் விளிம்புகள் செவ்வனே பொருந்தாது போகும். கருப்பையின் கீழ்ப்பகுதியோ கருப்பத்தின் பிற்பாதியில் விரிந்து மெல்லியதாகும். வேதனையின்போது அது சுருங்குவதிலும் பார்க்க இழுபடுவதே மிகுதி. அங்கு குறுக்காக இடப்படும் கீறலிற் குருதிப்போக்குக் குறைவு. பிரசவத்தின் பின் அப்பகுதி ஓய்ந்திருப்பதால் தழும்பு உறுதியாக அமையும். அதன்மீது சலப்பையை மூடிய சவ்வும் போர்வைபோற் படிந்துவிடும்.

கீழ்ப்பகுதிக் கீறலை நோக்கி மருத்துவரைச் செலுத்திய முதற் காரணம் தழும்பின் உறுதியன்று என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. நோய்த்தொற்றுப் பற்றிய அச்சமே அவர்களைத் தூண்டிற்று. 1907இல் பிராங்க், 1909இல் லாட்சுகோ ஆகியோர், வயிற்றறையைத் திறவாமலே சலப்பைக்கு அருகாகக் கருப்பையை அடையும் வழிகளைத் தேடினர். கிருமி வயிற்றறைக்குட் பரவாதிருத்தலே அவர்களது குறிக்கோள். அவ்வழியிலேயே கீழ்ப்பகுதியின் நற்பண்புகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. பின்னர் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வந்தபோது அவர்களது முறைகள் வழக்கொழிந்தன. கீறலின் இடம் மட்டும் நிலைத்துவிட்டது.

பிரித்தானிய உலகில் இக்கீறலை நிலைநாட்டியவர் கிளாஸ்கோ நகரின் ஜோன் மன்றோ கேர் ஆவார். அந்நகரின் ஏழைத் தொழிலாளர் குடும்பங்களில் என்புருக்கி நோயால் இடுப்பெலும்பு கோணலுற்ற பெண்கள் மிகுதியாகக் காணப்பட்டனர். அவர்களுக்கு ஒவ்வொரு பிரசவமும் அறுவையாகவே முடியக்கூடியது. ஒரே தாயின் வயிற்றை மீண்டும் மீண்டும் திறக்கவேண்டிய மருத்துவருக்குத் தழும்பின் தன்மை ஏட்டுப் பொருளன்று. கண்முன் காணும் பொருளாகும். 1926ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரை கீழ்ப்பகுதிக் குறுக்குக் கீறலுக்கு வலுச் சேர்த்தது. பென்சிலின், குருதியேற்றல், செம்மையான மயக்கமருந்து ஆகியன பரவிய 1940களின் பின்னர் அதுவே உலகெங்கும் வழக்கமாயிற்று. மேற்பகுதி நெடுக்குத் தழும்பு பிரசவத்திற் பிளக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 9 வரையெனக் கணிக்கப்படுகின்றது. கீழ்ப்பகுதிக் குறுக்குத் தழும்பிலோ அது ஏறத்தாழ 200இல் ஒன்று மட்டுமே. மீள் அறுவையின் நுட்பங்கள் அனைத்தினும் தலையாயது கீறலின் இடமே என்பதற்கு இவ்வேறுபாடே தக்க சான்றாகும்.

கிராகினின் வாக்கு

1916ஆம் ஆண்டில் நியூயோர்க் மருத்துவர் எட்வின் கிராகின், ஒருமுறை அறுவை செய்யப்பட்டவளுக்கு எப்போதும் அறுவையே எனும் பொருள்படக் கூறிய வாக்குப் பிற்காலத்தில் வேதவாக்காக மதிக்கப்பட்டது. அவர் அதனைக் கூறிய நோக்கம் வேறு. முதலாம் அறுவையை எளிதாக எண்ணிச் செய்யாதீர், அதன் விளைவு அடுத்த பிரசவங்களையும் பற்றித் தொடரும் என உடன்மருத்துவரை எச்சரிப்பதே அவர் கருத்து. அவர் காலத்துக் கீறல் மேற்பகுதி நெடுக்குக் கீறல் என்பதும் மறக்கற்பாலதன்று. கீறல் மாறிய பின்னரும் வாக்கு மாறவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1970இல் நூற்றுக்கு 5 அளவினதாயிருந்த அறுவைப் பிரசவம் 1988இல் நூற்றுக்கு 25ஐ எட்டியது. அவ்வுயர்வில் மீள் அறுவைகளுக்குப் பெரும் பங்குண்டு. 1980இல் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய மாநாடு, தகுதியுள்ள தாய்மார் முந்திய அறுவையின் பின்னரும் இயல்பாகப் பிரசவிக்க முயலலாம் எனப் பரிந்துரைத்தது.

அறுவைகளின் எண்ணிக்கை கூடுந்தோறும் வேறோர் இடரும் வளர்கின்றது. நச்சுக்கொடி பழைய தழும்பின்மீது பற்றி, கருப்பைத் தசையினுள் வேரோடிவிடுவதே அது. 30,000க்கும் மேற்பட்ட அறுவைகளை ஆராய்ந்து அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. நச்சுக்கொடி கருப்பை வாயிலை மறைத்துத் தாழ்ந்திருக்கும் தாய்மாருள், அது வேரோடியிருக்கும் வாய்ப்பு முதலாம் அறுவையில் நூற்றுக்கு 3, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40, நான்காவதில் 61 என ஏறிச்செல்கின்றது. இத்தகைய தாய்க்குப் பல வேளைகளிற் கருப்பையையே அகற்றவேண்டி நேரும். பொரோவின் அறுவை நூற்றாண்டு கடந்து மீள் அறுவையின் முடிவில் மீண்டும் வந்து நிற்பதை வரலாற்று மாணவர் கவனித்தல் வேண்டும்.

மாத்தளை மலைப்புறம்

இவ்வரலாற்றை ரிவர்ஸ்டன் மலைப்பாதையில் வைத்து நோக்கும்போது அதன் மற்றொரு பக்கம் புலனாகும். மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் பாதை, தும்பறை மலைத்தொடரின் ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியை அடுத்து, இலுக்கும்புற ஊடாக லக்கல பல்லேகமப் பக்கம் இறங்குகின்றது. நகரிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. முடிமீது தொலைக்காட்சி ஒலிபரப்புக் கோபுரம் நிற்கின்றது. நக்கிள்ஸ் என ஆங்கிலேயர் பெயரிட்ட இத்தொடர் 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியின் ஓர் அங்கமாக அறிவிக்கப்பட்டது. காற்றும் மூடுபனியும் காணவருவோருக்கு இன்பந் தருவன. பிரசவ வேதனையோடு பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் வாகனத்திற்கு அவை இடையூறுகளே. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மண்சரிவு அச்சமும் இவற்றோடு சேரும்.

மலையின் மேற்குச் சரிவிலே தேயிலைத் தோட்டங்களும் அவற்றின் லயங்களும் உள்ளன. கிழக்கே பழைய சிங்களக் கிராமங்கள் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளூடாகத் தம்புள்ளை வழியே கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியிலே மாண்டோர் பலர். கைக்குழந்தையோடும் வயிற்றுப்பிள்ளையோடும் நடந்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். இம்மக்களுக்கு மருத்துவ வசதியளித்தல் தோட்ட முதலாளிகளின் கடமையெனக் கூறும் மருத்துவத் தேவைகள் சட்டம் 1872இல் வந்தது. ஆயினும், நெடுங்காலம் பிரசவம் லயத்திலேயே, மருத்துவிச்சியின் கையிலேயே நிகழ்ந்தது. தடைப்பட்ட பிரசவத்தை மருத்துவிச்சி இனங்காணலாம். அதனைத் தீர்க்கும் கருவி அவள் கையில் இல்லை.

இலங்கையின் மகப்பேற்று மருத்துவம் வேறு திசைகளில் வளர்ந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மவுஞ்செல் என்பாரின் நூலைத் தழுவிப் 'பிரசவ வைத்தியம்' எனும் நூலை 1857இல் தமிழில் வெளிவரச் செய்தார். மேலைநாட்டுப் பிரசவ மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலாம் என்பதை அவர் செயலாற் காட்டினார். 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையாற் கொழும்பிற் பிரசவ விடுதி எழுந்தது. கடல்கடந்த சென்னையில் 1844இலேயே மகப்பேற்று வைத்தியசாலை தோன்றியிருந்தது. அங்கு பணிபுரிந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் மகப்பேற்று நூல் 1938இல் வெளிவந்து, தென்னாசிய மாணவர் பல தலைமுறையினருக்குப் பாடநூலாயிற்று. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பயிற்சி பெற்ற மருத்துவ மாதரை வீடுதோறும் அனுப்பியது. 1930களில் இலங்கையில் 100,000 உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அத்தொகை இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 50க்கும் கீழே இறங்கியமைக்கு இம்மாதரின் பணி முதன்மையான காரணங்களுள் ஒன்று.

தோட்டங்கள் இவ்வளர்ச்சியின் பயனைப் பிந்தியே பெற்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு அவற்றினுட் படிப்படியாக நுழைந்தது. இன்று நாட்டின் பிரசவங்களில் நூற்றுக்கு 99க்கு மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி நூற்றுக்கு 32 பிரசவங்கள் அறுவைப் பிரசவங்களாகும். இதன் பொருள், தழும்புற்ற கருப்பையோடு மலையிலே வாழும் தாய்மார் தொகை முன்னொருபோதுமில்லாத அளவிற் பெருகியுள்ளது என்பதே.

சிராப்பள்ளிக் குன்றிற் கோயில்கொண்ட தாயுமானவர் பற்றிய புராணக்கதை தமிழர் அறிந்ததொன்று. நிறைமாதப் பெண்ணுக்குத் துணையாக வரவேண்டிய தாயைக் காவிரி வெள்ளம் மறுகரையிலே தடுத்துவிட்டது. இறைவன் தாயின் உருவெடுத்து வந்து பிரசவம் பார்த்தான் என்பது கதை. பக்தியுணர்வுக்கு அப்பால், இக்கதையினுள் சமூக உண்மையொன்று பொதிந்துள்ளது. பிரசவத்தின் இடர் நோயால் மட்டும் வருவதன்று. உதவிக்கும் தாய்க்கும் இடையே வெள்ளம் நிற்பதாலும் வருவது. காவிரிக்குரிய இடத்தை இங்கே மலைப்பாதை பெறுகின்றது.

இத்தூரத்தின் பொருளை ஓர் எண் தெளிவாக்கும். தழும்பு பிளந்த தாய்மாரைப் பற்றி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் செய்யப்பட்டு 1993இல் வெளியான ஆய்வின்படி, சிசுவின் இதயத்துடிப்பு நீடித்துத் தாழத் தொடங்கி 18 நிமிடங்களுக்குள் குழந்தை எடுக்கப்பட்டால் அது பெரும்பாலும் கேடின்றித் தப்பும். அதன்பின் ஆபத்து மிகும். பெருவைத்தியசாலையின் பிரசவ விடுதியிற் படுத்திருக்கும் தாய்க்கு 18 நிமிடம் எட்டக்கூடிய அளவு. ரிவர்ஸ்டன் வளைவுகளில் அது பாதையின் ஒரு சிறு பகுதியைக் கடக்கவே போதுமானது. ஆகவே, 200இல் ஒன்று என்னும் அதே எண் மாத்தளை நகரில் ஒரு பொருளையும் மலைமுடியில் வேறொரு பொருளையும் தருகின்றது.

முறைகளின் ஒப்பீடு

மீள் அறுவையில் மருத்துவர் எதிர்கொள்ளும் வயிறு முதலாம் அறுவையின் வயிறன்று. படைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சலப்பை மேலே இழுபட்டுத் தழும்போடு பிணைந்திருக்கும். கருப்பையின் கீழ்ப்பகுதி சிலவேளை கடதாசிபோல் மெலிந்திருக்கும். இந்நிலையிற் கையாளத்தக்க முறைகள் படிப்படியாக ஒப்புநோக்கத்தக்கன.

முதலாவது, வயிற்றைத் திறத்தல். தொப்புளின்கீழ் நெடுக்காகத் திறப்பது விரைவானது. ஒட்டுகளிடையே இடம் அகலமாகக் கிடைக்கும். ஆயின் பின்னாளிற் குடலிறக்கம் தோன்றும் வாய்ப்பு அதிகம். 1900இல் பான்னென்ஸ்டீல் விவரித்த வளைந்த குறுக்குக் கீறல் உறுதியானது. ஆனால் படைகளைக் கத்தியாற் பிரிக்க நேரமெடுக்கும். 1970களில் ஜோயல் கோஹென் கருப்பை அகற்றும் அறுவைக்கென வகுத்த நேரான குறுக்குக் கீறலை, யெருசலேமின் மிஸ்காவ் லடாக் வைத்தியசாலையில் மைக்கல் ஸ்டார்க் பிரசவத்திற்கு ஏற்றதாக்கினார். படைகளை வெட்டாது விரல்களால் இழுத்துப் பிரித்தல், கருப்பையை ஓரடுக்காகத் தைத்தல், வயிற்றறைச் சவ்வைத் தைக்காது விடுதல் ஆகியன அம்முறையின் கூறுகள். நேரமும் குருதியும் மிஞ்சும். கருவிகளும் சிலவே போதும். வசதி குறைந்த வைத்தியசாலைகளுக்கு இது பெருநன்மை. எனினும், தழும்பேறிய வயிற்றில் விரலுக்கு இணங்காத இடங்கள் பலவாதலின், மீள் அறுவையிற் கத்தியும் கத்தரியும் மீண்டும் தேவைப்படுவதுண்டு.

இரண்டாவது, குழந்தையை எடுத்தல். நாள் குறித்துச் செய்யப்படும் மீள் அறுவையில் வேதனை தொடங்கியிராது. தலை இடுப்பெலும்பினுள் இறங்காது மேலே மிதந்துகொண்டிருக்கும். மருத்துவர் கையைச் செலுத்தித் தலையைக் கீறலுக்கு நேரே கொணர, உதவியாளர் மேலிருந்து அழுத்துவார். அது போதாதபோது சிறு ஆயுதமோ உறிஞ்சு கிண்ணமோ பயன்படும். இதற்கு நேர்மாறானது, இயல்புப் பிரசவத்திற்கு முயன்று நெடுநேரம் சென்றபின் செய்யும் அறுவை. அங்கே தலை இடுப்பினுள் ஆழ இறுகியிருக்கும். யோனி வழியே தலையை மேல்நோக்கித் தள்ளுதல் ஒரு முறை. கால்களைப் பற்றிக் குழந்தையைத் தலைகீழாக எடுத்தல் மற்றொரு முறை. 1957இல் இந்திய மருத்துவர் பட்வர்தன் மூன்றாவதொரு வழியை வெளியிட்டார். முதலிற் தோள்களையும், பின் உடலையும் கால்களையும் வெளியேற்றி, ஈற்றில் தலையை மேலே தூக்குவதே அது. தள்ளும் முறையிற் கீறல் பக்கவாட்டிற் கிழியும் வாய்ப்புக் கூடுதல் என ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. மெலிந்த பழைய தழும்பின் அருகே கிழியும் காயம் அடுத்த கருப்பத்திற்கான கடனாகும். தடைப்பட்ட பிரசவங்களோடு தாய்மார் நெடுந்தூரம் கடந்து பிந்தி வந்துசேரும் நாடொன்றிலிருந்தே பட்வர்தனின் வழி வெளிப்பட்டமை கருத்திற் கொள்ளத்தக்கது.

மூன்றாவது, மூடுதல். கருப்பையை ஓரடுக்காகத் தைப்பதா ஈரடுக்காகத் தைப்பதா என்பது நெடுநாள் விவாதம். 2002இல் மொன்றியலில் வெளியான ஆய்வு, ஓரடுக்குத் தையலுற்ற தழும்பு அடுத்த பிரசவத்திற் பிளக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் கூறி அச்சத்தை விளைவித்தது. ஆயின் அது பழைய ஏடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வாகும். இவ்வினாக்களைத் தீர்க்க, இந்தியா, பாகிஸ்தான், கென்யா, கானா, சூடான், ஆர்ஜென்டினா, சிலி ஆகிய ஏழு நாடுகளில் 'கொரோனிஸ்' எனும் பேராய்வு நடத்தப்பட்டது. முதலாம் அல்லது இரண்டாம் அறுவைக்கு வந்த 15,000க்கும் மேற்பட்ட தாய்மார் குலுக்கல் முறையில் வகுக்கப்பட்டனர். வெட்டித் திறத்தலும் விரலாற் திறத்தலும், கருப்பையை வெளியே எடுத்துத் தைத்தலும் உள்ளே வைத்துத் தைத்தலும், ஓரடுக்கும் ஈரடுக்கும், சவ்வை மூடலும் விடலும், இருவகை நூல்களும் அதில் ஒப்பிடப்பட்டன. 2013இல் வெளியான முடிவுகள் குறுகிய கால நலன்களில் முறைகளிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காட்டவில்லை. 2016இல் வெளியான தொடர்முடிவு, 13,000க்கும் மேற்பட்ட தாய்மாரைச் சராசரியாக நான்காண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலம் பின்தொடர்ந்தும் அதனையே கூறிற்று. தழும்பு பிளத்தல் அரிதான நிகழ்வாதலால் இதனை இறுதித் தீர்ப்பெனக் கொள்ளல் இயலாது. எனினும், முன்னைய அச்சம் பெரிதும் தணிந்தது.

தழும்பும் செய்தியும்

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது முடிவொன்று தெளிவாகின்றது. மீள் அறுவையின் நுட்பங்களுள் உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டை உண்டாக்கியது கருப்பைக் கீறலின் இடமே. தையலின் அடுக்கு, நூலின் வகை, சவ்வை மூடுதல் ஆகியவற்றில் மருத்துவர் தத்தம் பழக்கத்தைப் பின்பற்றினும் பெருங்கேடு நேர்வதில்லை. ஆகவே, எந்தத் தையல் சிறந்தது எனும் வினாவிலும் பார்க்க, எந்தக் கீறல் இடப்பட்டது என்பது அடுத்தமுறை தாயைப் பொறுப்பேற்பவருக்குத் தெரியுமா எனும் வினாவே கூடிய நிறையுடையது.

இவ்விடத்திற் பலரும் அறியாத உண்மையொன்றை வலியுறுத்தல் தகும். தோலின்மேற் காணும் தழும்பு கருப்பையின் தழும்பைக் காட்டாது. அடிவயிற்றில் அழகாகக் குறுக்கே ஓடும் கோட்டின்கீழ், குறைமாதக் குழந்தைக்காகவோ நச்சுக்கொடியின் நிலை காரணமாகவோ இடப்பட்ட நெடுக்குக் கீறல் மறைந்திருக்கலாம். அதனை அறிவிக்கக்கூடியது எழுத்து மட்டுமே. இலங்கையிற் கருப்பவதிகள் ஒவ்வொருவரும் தம்முடன் வைத்திருக்கும் கருப்பகாலப் பதிவட்டை, குடும்பநல உத்தியோகத்தர் வீடுவீடாகச் சென்று நிரப்பும் ஏடு, வைத்தியசாலையை விட்டு நீங்கும்போது கொடுக்கப்படும் சிட்டை ஆகியன இவ்வகையிற் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கு ஒப்பானவை. லயத்தின் கூரை ஒழுகும்போது நனைந்து கிழியும் ஒரு தாளோடு, அடுத்த பிரசவத்தின் பாதுகாப்பும் கிழிந்துபோகலாம்.

அச்செய்தி தாய் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படும் குறிப்பொன்று தோட்டத் தாய்க்கு வெறுங் கோடுகளே. கருப்பை எவ்விடத்திற் கீறப்பட்டது, அடுத்த பிள்ளைக்கு இயல்பாக முயலலாமா, வேதனை வருமுன்னரே எத்தனையாம் வாரத்தில் மலையைவிட்டு இறங்கி வைத்தியசாலையை அடைதல் வேண்டும் என்பவற்றை அவளும் அவள் குடும்பத்தாரும் தம் மொழியில் அறிந்திருப்பின், தூரத்தின் கொடுமை பாதியாகக் குறையும். 1857இல் பிரசவ மருத்துவம் தமிழிற் பேசத் தொடங்கியது. அப்பேச்சு இன்னும் லயத்தின் வாசலை முழுமையாகச் சென்றடையவில்லை. தமிழ் கற்கும் மாணவருக்கும் தமிழிலே கற்பிக்கும் அறிஞருக்கும் இதில் ஆற்றவேண்டிய பணியுண்டு. மருத்துவச் சொற்களை ஆக்குவது மட்டும் அப்பணியன்று. அச்சொற்களைக் கொழுந்து பறிக்கும் தாய் புரிந்துகொள்ளும் வாக்கியங்களாக ஆக்குவதும் அதுவேயாம்.

பொரோ தாயைக் காத்தார். செங்கர் அவளது கருப்பையைக் காத்தார். கேரரும் மன்றோ கேரும் அக்கருப்பையின் அடுத்த பிரசவத்தைக் காக்கும் இடத்தைக் காட்டினர். இம்மூன்று பேறுகளும் ரிவர்ஸ்டன் மலைப்புறத் தாய்க்கும் உரியன. அவை அவளை வந்தடைதற்கு மாத்தளையிலே திறமையான மருத்துவர் இருப்பது இன்றியமையாதது. அதனோடு ஒப்ப இன்றியமையாதன, உரிய காலத்தில் அவளைக் கீழே கொணரும் வாகனமும், அவள் கையிற் கிழியாதிருக்கும் தெளிவான பதிவும், அதிலுள்ளதை அவளுக்கு எடுத்துரைக்கும் ஒருவருமாம்.